இசக்கிதுரைக்கு எல்லாம் முன்பே தெரியும்

மட்டாஞ்சேரிச் சந்தையில் இருபத்தாறு வருடமாகக் காய்கறிக் கடை வைத்திருக்கும் இசக்கிதுரைக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. மழை எப்போது விடும், அடுத்த ஆட்சி யாருக்கு, பக்கத்துக் கடை கமாலுதீனின் வெங்காயம் ஏன் அழுகுகிறது, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயார். மலையாளமும் ஆங்கிலமும் மட்டும் வாசிக்க வராது. கோவில்பட்டியில் ஐந்தாம் வகுப்போடு நின்ற தமிழும், கடைக்காரருக்கு வேண்டிய எண்களும் உண்டு. மற்றபடி பஸ் போர்டிலிருந்து ரேஷன் ஆபீஸ் கடிதம்வரை அவருக்கு வாசித்துச் சொல்வது மகள் ஸாதனா.

ஸாதனா பிளஸ் டூ பாஸான கையோடு அவளைத் தன் மகன் பாண்டித்துரைக்குக் கல்யாணம் செய்துவிட வேண்டும் என்று ஊரில் அக்கா ஆவுடையம்மாள் கேட்டிருந்தாள். இவரும் வாக்குக் கொடுத்திருந்தார். பாஸானால் காலேஜ் என்பது ஊர் வழக்கம். பாஸானால் தாலி என்பது இசக்கிதுரையின் பாடத்திட்டம்.

ரிசல்ட் வந்த அன்று ஸாதனா போனைப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"அக்கவுண்டன்ஸில போச்சுப்பா."

"எவ்ளோ?"

"இருநூறுக்கு நூத்தறுபது."

போனை வாங்கிப் பார்த்தார். நூற்றறுபதுதான் இருந்தது. "நல்ல மார்க்குதானட்டி?"

"பாஸாக நூத்தியெழுபது வேணும்."

"பத்து மார்க்குலயா போச்சு! கேரளாவுல ரொம்பக் கெடுபிடில்லா" என்று மகளைத் தேற்றி, பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஸாதனா எர்ணாகுளத்தில் பி.காம். சேர்ந்தாள். தோற்றவர்களுக்கான ட்யூட்டோரியலுக்குப் போவதாக அப்பாவிடம் சொல்ல, அம்மா செல்வலட்சுமி அதற்குக் கூட்டு. தோற்ற மகளைச் சந்தையில் எப்படிச் சொல்வது? "கம்ப்யூட்டர் படிக்கா" என்று சொல்லிவைத்தார். அக்காவிடம், "மறுபடி எழுதுதா" என்றார். இரண்டு வருடம் இப்படிப் போனது. எழுதியதிலெல்லாம் ஸாதனா பத்துப் பதினைந்து மார்க்கில் தோற்றுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஷிஹாப் வந்து சேர்ந்தார். சினிமா டைரக்டர். முப்பத்தாறு வயது. மத்தியானம் வீட்டிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் சோற்றை யூதத் தெருக் காபிக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, ஒரு பெண்பிள்ளை வளர்ந்து ஆளாவதைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்தார். ஆளாவது என்றால் என்ன என்று தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது அவ்வளவு அழகாகத் தெரியும் போலிருக்கிறது.

கதையில் வருவது ஒரு தமிழ்க் குடும்பம் என்பதால், சுள்ளிக்கலில் இருந்த இசக்கிதுரை வீட்டைப் படப்பிடிப்புக்குக் கேட்டார். வந்து பார்த்ததும் முகம் வாடிவிட்டது. தரையில் டைல்ஸ், சுவரில் பெரிய டி.வி.

"சேட்டா, இது தமிழ் வீடு போல இல்லல்லோ" என்றார், அந்த வீட்டில் பதினெட்டு வருடமாக இருக்கும் தமிழரிடம்.

மறுநாள் ஒரு வண்டி நிறைய மண்பானை, முறம், ஒன்பது சாமி படங்கள் வந்து இறங்கின. வீடு தமிழாகிவிட்டது. ஸாதனாவுக்கு வசனம் திருத்தும் வேலை கிடைத்தது. கதையில் மழை இருந்தது, சைக்கிள் இருந்தது, மீன்குழம்பு இருந்தது, கதைதான் இல்லை.

"மோளே, நின்றெ லைஃப்ல ஒரு ரகசியம் சொல்லு. ஞான் ஆரோடும் பறயில்லா" என்று ஒருநாள் சாயா குடித்துக்கொண்டே கேட்டார் ஷிஹாப்.

தான் எழுதியதைத் தானே படித்து அழுகிற மனிதரை நம்பாமல் இருக்க இருபது வயதில் முடியுமா? ஸாதனா எல்லாவற்றையும் சொன்னாள். ஷிஹாபும் வாக்குத் தவறவில்லை. யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. படமாக எடுத்தார், அவ்வளவுதான். ஸாதனாவுக்குத் திருத்தக் கொடுத்த தாள்களில் மட்டும் அந்தக் காட்சி இல்லை.

படம் வெளியானபோது இசக்கிதுரைக்குப் பத்து டிக்கெட் வந்தது. தன் வீடு சினிமாவில் வருவதைக் காட்டுவதற்காகச் சந்தை ஆட்களைத் திரட்டிக்கொண்டு, தேய்த்த முழுக்கைச் சட்டையோடு தோப்பும்படித் தியேட்டருக்குப் போனார். திரையில் காய்கறிக் கடை அப்பா எண்ணெய் வழியும் தலையோடும் கிழிந்த பனியனோடும் வந்தார். இசக்கிதுரைக்கு ஒரே கொண்டாட்டம்.

திரையில் மகள் போனைப் பார்த்து, "இருநூறுக்கு நூத்தறுபது, பாஸாக நூத்தியெழுபது வேணும்" என்றாள். அரங்கமே வெடித்துச் சிரித்தது. எல்லோருக்கும் மேலாக இசக்கிதுரையின் குரல் கேட்டது.

"ஏ கமாலு, பாத்தியாடே கூமுட்டப் பயல!"

திரையில் அந்த அப்பா பரோட்டா வாங்கப் போனார். தொடையில் தட்டிக்கொண்டிருந்த இசக்கிதுரையின் கை அப்படியே நின்றது. இடைவேளை விட்டார்கள். விளக்குகள் எரிந்தன.

"அண்ணே" என்று மெதுவாகத் திரும்பினார் கமாலுதீன். "இருநூறுக்கு அறுபது எடுத்தா பாஸுல்லா? எம்மவ ஃபிதா எம்பதுல பாஸாச்சே. கடையும் வீடும் ஒங்களுது, அப்போ கதையும் ஒங்களுதா? நம்ம ஸாதனாவும் அதே வருஷந்தானே எழுதிச்சு?"

சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் ஸாதனா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா வாயிலிருந்து என்ன வருகிறதோ, அதைப் பொறுத்து நாளை அவள் போவது காலேஜ் பஸ்ஸிலா, கோவில்பட்டி பஸ்ஸிலா என்று முடிவாகும்.

ஏமாந்தவனாக இருப்பதா, எல்லாம் அறிந்தவனாக இருப்பதா? இசக்கிதுரைக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

"என்னடே பாக்கீங்க? எனக்குத் தெரியாம என் வீட்டுல ஒண்ணு நடக்குமா? புள்ள படிக்கட்டும்னு நாந்தான் விட்டேன். அக்கா வாய அடைக்கக் கட்டுன நாடகம்லா அது."

"அப்போ படத்துல அந்த அப்பன் ஏமாறுறானே?"

"அது சினிமாடே!"

இடைவேளைக்குப் பிறகு திரையில் அப்பாவும் மகளும் கடற்கரையில் கட்டிப்பிடித்து அழுதார்கள். காமிரா வானத்தில் பறந்தது. சுள்ளிக்கலில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும், "ரெண்டு பேரும் சேந்து என்னைய மடையனாக்கிட்டீங்களாட்டி?" என்று கத்த ஆரம்பித்தார்.

"மெதுவா" என்றாள் செல்வலட்சுமி. "தெரிஞ்சுதான் விட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இப்பக் கத்துனா, பக்கத்து வீட்டு ரஃபீனா என்ன நெனப்பா?"

மீதிக் கோபத்தை அவர் கிசுகிசுத்துத் தீர்த்தார். கிசுகிசுப்பில் யாரையும் அடக்க முடியாது.

ஒரு வாரத்தில் அவர் பெரிய முற்போக்குவாதியாகிவிட்டார். குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டு, பெண் கல்விக்குப் பாடுபட்டவர் என்று சால்வை போர்த்தியது. தான் சிறுவயதிலிருந்தே அப்படித்தான் என்று பதினைந்து நிமிடம் பேசினார். அந்தப் போட்டோ, மகளைக் காலேஜில் படிக்கவைத்த கதையோடு, வாட்ஸ்அப்பில் கோவில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"ஏல இசக்கி, தெரிஞ்சேதான் எம் மவன ரெண்டு வருசமாக் காக்க வச்சியா? இல்ல, அந்தக் குட்டி ஒன்னைய ஏமாத்திட்டாளா? ஏமாத்துனான்னு சொல்லு, இப்பவே வண்டி புடிச்சு வாரேன். அடுத்த முகூர்த்தத்துல முடிச்சிருவோம்."

ஆமாம், ஏமாந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சமையலறை வாசலில் மனைவியும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ரஃபீனா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேதாங்க்கா" என்றார் இசக்கிதுரை, ரஃபீனாவுக்கும் கேட்கும்படி.

அந்தப் பக்கம் ஐந்து நிமிடம் வசவு. "இனிமே ஒன் வாசல மிதிச்சா என்னன்னு கேளு" என்றதோடு சம்பந்தமும் முறிந்தது, போனும் நின்றது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

"என்னட்டி நிக்கே? பஸ்ஸு போயிரும், ஓடு. நெசமாவே தோத்துட்டு வந்தே, சங்கத்துக்காரனுவ சால்வையத் திருப்பிக் கேப்பானுவ."