ஏரிக்கரை அவசரம்

எங்கள் அலுவலகத்திலிருந்து துர்கம் செருவு ஏரிக்கு நடந்தே போய்விடலாம். ஆட்டோக்காரர்களைக் கேட்டால் அது தூரமே இல்லை. "இத்னா நஸ்தீக்? நக்கோ மேடம்", இவ்வளவு பக்கமா, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சரி, செகந்திராபாத்துக்கு வருகிறீர்களா என்றால் அது ரொம்ப தூரமாம், அதற்கும் நக்கோ. ஹைதராபாத் ஆட்டோக்காரர்களுக்கு எந்த தூரம்தான் பிடிக்கும் என்று அந்த ஊரில் இருந்த வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கு என்னோடு ஆட்டோவுக்கு நின்றவர், நான் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருந்தவனுடைய அப்பா. தெலுங்குக்காரர். லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் வேலை செய்யும் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்க்க வேண்டுமென்று பஸ் மாறி மாறி வந்திருந்தார். மகனோ மேல்மாடியில் அமெரிக்கக்காரனோடு போனில் மாட்டிக்கொண்டிருந்தான். பாஸ் இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று செக்யூரிட்டி அவரைப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். 'அப்பாவை எங்காவது கூட்டிப் போ, அப்படியே நம் விஷயத்தையும் பேசிவிடு' என்று எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. அவனுடைய வீரத்தை நான் அறிந்தவள்தான், இருந்தாலும் அன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

விஷயம் இதுதான். கோவில்பட்டியில் என் அம்மாவோடு ஒரு வருஷம் போனிலேயே சண்டை போட்டு, அழுது, பேசாமல் இருந்து, அம்மாவைப் பாதி வழிக்குக் கொண்டுவந்திருந்தேன். மீதி வழிக்கு அம்மா ஒரு நிபந்தனை வைத்தாள். "அவுக வாயால ஒரு 'வாங்க' சொல்லட்டும். கூப்பிடாத வீட்டுக்கு நாங்க வந்து நிக்க மாட்டோம். சொல்லலைன்னா ஞாயித்துக்கிழமை சிவகாசிக்காரவுக பூ வைக்க வாராக. நீ பேசாம கெளம்பி வந்து உக்காரு." ஆக, அந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு 'வாங்க' வர வேண்டும். அது வராவிட்டால் நான் சிவகாசி.

இங்கே என் தெலுங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹைதராபாத்துக்கு வந்த புதிதில் என் மேனேஜர் ஒரு ரிப்போர்ட் கேட்டார். மறுநாளே வந்து, "அவசரம் லேது" என்றார். அடடா, அவசரமில்லையாம், என்ன தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டை இழைத்தேன். கட்டத்துக்கு ஒரு கலர் கொடுத்தேன். கொண்டுபோய் நீட்டியபோதுதான் தெரிந்தது, தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ரிப்போர்ட்டே தேவையில்லை என்றிருக்கிறார். எங்கள் மாடி முழுக்கச் சிரித்தது. ரொம்ப நாளைக்கு என் பெயரே 'அவசரம் மேடம்' என்று இருந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அதற்குப் பிறகு அந்த ஊரில் யார் அவசரம் என்றாலும் என் காதில் தேவை என்றுதான் விழுந்தது.

ஆட்டோ கிடைக்காததால் நடந்தோம். அத்தனை கோடி கொட்டிக் கட்டடம் கட்டியவர்களுக்கு நடைபாதை என்று ஒன்று இருப்பது ஞாபகமே வரவில்லை போலிருக்கிறது. ஒரு பக்கம் கேபிள் பதிக்கத் தோண்டிப்போட்ட பள்ளம், இன்னொரு பக்கம் ஹாரனிலிருந்து கையை எடுக்காத தண்ணீர் லாரி. நடுவில் நாங்கள். கண்ணாடிச் சுவரில் எங்கள் உருவமும் எங்களைத் தாண்டி நிதானமாகப் போன ஓர் எருமையின் உருவமும் தெரிந்தன. மூவரில் எருமைதான் இந்தத் தெருவுக்குச் சொந்தக்காரி மாதிரி நடந்தாள்.

"உள்ளே என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் தெலுங்கில் கேட்டார். மகன் சொன்னது அவருக்குப் புரியவில்லையாம். அவன் புரோகிராம் எழுதுவான், அதில் இருக்கும் தப்பையெல்லாம் நான் கண்டுபிடிப்பேன் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். அவர் நின்று யோசித்தார். அப்படியென்றால் மகன் ஃபிட்டர், நீ இன்ஸ்பெக்டர் என்றார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடாமல் அவர் காலத்தில் ஒரு பெட்டியும் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே போகாதாம். அதற்குப் பிறகு என்னோடு பேசும்போது அவர் குரலில் ஒரு மரியாதை வந்துவிட்டது. நானும் திருத்தவில்லை. கிடைக்கிற மரியாதையை யாராவது வேண்டாம் என்பார்களா?

ஏரி வாசலில் 'ரகசிய ஏரி' என்று பலகை வைத்திருந்தார்கள். ரகசியமாவது ஒன்றாவது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் கேன்டீன் வரைக்கும் நாறும். உள்ளே போனால் பாறைக்கு ஒரு ஜோடி, குடைக்கு ஒரு ஜோடி. வருங்கால மாமனாரோடு போகத் தோதான இடம்தான். போதாக்குறைக்கு, ஆபீசில் காதல் கீதல் கூடாது என்று எங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்த எச்.ஆர். பெண் ஒரு துப்பட்டாவுக்குள் பாதி தெரிந்தாள். பாதியே போதும், நான் அடையாளம் கண்டுகொண்டேன். என்னோடு வந்தவர் பெரிய மனுஷர். தலையை மொத்தமாகத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஆகாயத்தாமரை எந்த அளவுக்குப் படர்ந்திருக்கிறது என்று ஆராய ஆரம்பித்துவிட்டார்.

படகுத்துறைப் படியில் உட்கார்ந்தோம். பாத்ரூமில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்த தெலுங்கு வாக்கியத்தை ஒருவழியாக வெளியே எடுத்தேன். என் அம்மாவும் அப்பாவும் உங்களைப் பார்த்துப் பேச ஆசைப்படுகிறார்கள், வரச் சொல்லட்டுமா?

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அவசரம் லேம்மா."

தேவையில்லை. ஒரு வருஷச் சண்டைக்கு, அம்மாவின் கண்ணீருக்கு, எனக்கு, தேவையில்லை. அதையும் சிரித்துக்கொண்டு சொல்கிறார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முடியாது என்று கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, நானும் கத்தியிருப்பேன். இதோ வருகிறேன் என்று எழுந்து, ஜோடி இல்லாத ஒரு பாறையைத் தேடிப் பிடித்து, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நீங்க யாரும் வர வேண்டாம்" என்றேன்.

"அவுக சொல்லிட்டாகளா?"

"சொல்லிட்டாக."

"சரி. அழுவாத. சிவகாசிக்கு நான் போன் போட்டுருதேன்."

"என்னவும் செஞ்சிக்கோ" என்று வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தால் அந்த மனிதர் சுட்ட சோளக்கதிர் இரண்டை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எலுமிச்சம்பழமும் மிளகாய்ப்பொடியும் தேய்த்து, ஒன்றை என்னிடம் நீட்டுகிறார். எனக்கு வந்ததே கோபம். கோபம் வந்தால் எனக்குத் தெலுங்கு, இங்கிலீஷ் எல்லாம் ஓடிப்போய்விடும். கோவில்பட்டி ஒன்றுதான் நிற்கும்.

"நாங்க தேவையில்லைன்னு சொல்லிட்டீகள்ல, பெறகு சோளக்கருது மட்டும் எதுக்கு?" என்றேன்.

அவர் கதிரை மடியில் வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தமிழில், அதுவும் பெரம்பூர்த் தமிழில், "இன்னாம்மா சொல்றே? தேவையில்லேன்னு யாரு சொன்னது?" என்றார்.

அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்கதானே. அவசரம் லேன்னு."

"ஆமா. அவசரம் இல்லே. வெயிலு இன்னா போடு போடுது. ஒங்கப்பாக்கு வயசாயிருக்கும். ரெண்டு மழை பேயட்டும், அப்பால வரட்டும், இன்னா அவசரம்? அதத்தான் சொன்னேன். ஒனக்குப் புரியணும்னு தமிழ்லே சொன்னேம்மா."

ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பக்கத்து மேஜை பெரம்பூர்க்காரராம். அவரிடம் கற்றுக்கொண்ட தமிழில் பெண்பிள்ளைகள் முன்னால் பேசக்கூடிய சொற்கள் கொஞ்சம்தானாம். அதில் இருப்பதிலேயே மரியாதையான ஒன்றைப் பொறுக்கி எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறார். நானோ அவருக்கு மரியாதையாக அதைத் தெலுங்கில் வாங்கியிருக்கிறேன். இரண்டு பேருமே வீட்டில் இல்லாத நேரத்தில் ஒருவரையொருவர் பார்க்கப் போன கதை.

சிரிக்க நேரமில்லை. சிவகாசிக் கதையை மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "போன் போடு" என்றார்.

போட்டேன். லைன் பிஸி. மறுபடி போட்டேன். பிஸி. கோவில்பட்டி வீட்டில் அந்த நிமிஷம் அம்மா யாரோடு பேசிக்கொண்டிருப்பாள் என்று யோசிக்கக் கெட்டிக்காரத்தனம் வேண்டியதில்லை. என் கல்யாணம் சிவகாசிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, நான் இங்கே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் சோளத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "மறுக்கா போடு, மறுக்கா போடு" என்றார். பாறைக்குப் பின்னாலிருந்து எச்.ஆர். பெண்கூட எட்டிப் பார்த்தாள்.

ஒருவழியாக மணி அடித்தது. அம்மா எடுத்ததும் நான் பேசுவதற்குள் அவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். பதற்றத்தில் தமிழெல்லாம் போய்விட்டது அவருக்கு.

"அம்மா, நமஸ்காரம். மீரு ரண்டி. அவசரம்" என்றார். அவ்வளவுதான். போனை என் கையில் திணித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"யாருட்டி அது?" என்றாள் அம்மா.

"அவன் அப்பா. உங்களை வரச் சொல்லுதாரும்மா."

"அது புரிஞ்சிட்டு. அவசரம்ங்காரே?" அம்மாவின் குரல் திடீரென்று இறங்கியது. "ஏட்டி, உண்மையச் சொல்லு. அப்படி என்ன அவசரம்? ஏதும் ஏடாகூடமாப் பண்ணி வச்சிருக்கியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அவரு சொன்னது தெலுங்கு. தெலுங்குல அவசரம்னா வேணும்னு அர்த்தம். நாம அவுகளுக்கு வேணுமாம்."

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சிவகாசிக்காரவுகளுக்கு நான் என்னமாச்சும் சொல்லிக்கிடுதேன்" என்றாள். "நீ போனை வை. அப்பாவ டிக்கெட் எடுக்க அனுப்பணும்."