புஷ்பக்காவின் இடது கை

அவிநாசிபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கிரேன் ஆபரேட்டர் ரங்கசாமி அண்ணன் அழைத்தார். "இன்னைக்கு ப்ராக்டிஸ் வேண்டாமுங்க மேடம்." ஏன் என்றேன். "புஷ்பக்கா போயிட்டாங்க. விடியக்காலைல நெஞ்சு வலின்னாங்களாம்."

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் மரியபுஷ்பத்தைத் திருப்பூர் மண்ணரையில் பக்கத்து வீட்டுக்காரராக, முன்பு பனியன் தைத்த ஓவர்லாக் டெய்லராக அறிவீர்கள். எனக்கு அவர், நாங்கள் கட்டிவரும் பனியன் கம்பெனிக் கட்டடத்தில் தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கிரேனுக்குக் கை காட்டியவர். நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி.

தினமும் வேலைக்கு முன் ஒத்திகை. எஞ்சினை அணைத்துவிட்டு, அக்கா கீழே நின்று ஒவ்வொரு சைகையாகக் காட்டுவார். கேபினிலிருந்து ரங்கசாமி அண்ணன் தனக்குத் தெரிவதைக் கத்திச் சொல்ல வேண்டும்.

"ஏனுங்க்கா, தூக்கச் சொல்றீங்களா, துணி காயப்போடறீங்களா?"

"காயப்போட்டா உம்ம வேட்டியத்தான் போடுவேன். கண்ணத் தொறந்து பாரும்!"

என்னிடம் திரும்பிச் சொல்வார்: "மனசுல நெனைக்கது கிரேனுக்குத் தெரியாது மேடம். கை சொல்லுததத்தான் அது கேக்கும்."

அவசரமாக நிறுத்தச் சொல்ல இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு நீட்டி வீச வேண்டும். மற்ற சைகைகளுக்கு ஒரு கை போதும். அதனால் ஒரு நாள் ஒத்திகையில்தான் அது தெரிந்தது. அக்காவின் இடது கை பாதியிலேயே நின்றது.

"எனக்கு ஒரு கைதானுங்க தெரியுது," என்றார் ரங்கசாமி அண்ணன், தயங்கி.

"எண்ணெ தேச்சிருக்கேன் மேடம். நாளைக்கு சரியாயிரும்."

மறுநாளும் எழவில்லை. அவரை ஹெல்மெட் கொடுக்கும் ஸ்டோருக்கு மாற்றினேன். "ஒரு வாரம் பாக்கலாமுங்க," என்று அண்ணன் கெஞ்சினார். முடியாது என்றேன். அக்கா சிக்னல் காட்டுபவர் போடும் மேல்கோட்டைக் கழற்றி, தைத்த துணியை அடுக்குவதுபோல் மடித்து என்னிடம் தந்தார்.

"நீங்க செஞ்சது சரிதான். நானா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா கொஞ்சம் அழுதிருப்பேன்."

அந்தக் கைக்கும் நெஞ்சு வலிக்கும் தொடர்பு இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கை எழுகிறதா என்று பார்த்தேன். ஏன் எழவில்லை என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுமையைச் சுற்றி நின்ற எல்லோரையும் காப்பது என் வேலை. அந்தக் கைக்குரியவரும் அவர்களில் ஒருவர் என்பது தோன்றவில்லை. சாவு வீட்டில் அவர் மகள், "அம்மா உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லுவாங்க," என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

இப்போது ஒத்திகையில் யார் கை தாழ்ந்தாலும், "வலிக்குதா?" என்று கேட்கிறேன். வடக்கிலிருந்து வந்த இந்திக்காரத் தொழிலாளர்களிடம் அவர்கள் மொழியில் கேட்கிறேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே இல்லை என்கிறார்கள். வலி என்று சொன்னால் ஸ்டோருக்குப் போக வேண்டும் என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். புஷ்பக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான். அதற்கு உண்மையான பதிலை இன்னும் யாரும் சொல்லவில்லை.