கோட்டுப் போட்ட அறிவிப்பாளர்

நாலு ஊர் கிளப்புகள் சேர்ந்து ஒரே தம்போலா ஆடினோம். பிரிக்பீல்ட்ஸில் எண் எடுப்பார்கள். மற்ற கிளப்புகளில் ஒருவர் அதைப் போனில் கேட்டு மைக்கில் சொல்வார். சீட்டிலுள்ள எண்களையெல்லாம் அடித்து, முதலில் "ஹவுஸ்!" என்று கத்துபவருக்கே பரிசு.

எங்கள் கிள்ளான் கிளப்புக்கு வாய்த்தவர் கோட்டும் சாயம் பூசிய மீசையுமாக நிற்பார். ஒவ்வொரு எண்ணுக்கும் தொண்டையைச் செருமி, "அன்பு உள்ளங்களே, அடுத்து வருவது..." என்று இழுப்பார்.

அன்று பக்கத்து ஆன்டிக்கு நாற்பத்தேழு மட்டும்தான் பாக்கி. மீசைக்காரர் இழுத்து முடித்து அதைச் சொன்னதும் ஆன்டி கத்தினார். அதே எண்ணுக்கு ரவாங் கிளப்பில் யாரோ முன்பே கத்திவிட்டார்களாம்.

"நம்பர மட்டும் சொல்லக்கூடாதா அண்ணே?" என்றேன்.

"நம்பர மிஷின்கூட சொல்லும் லா. நான் அறிவிப்பாளர்."

பிறகு ரவாங் வெற்றியாளரை ஐந்து நிமிடம் வாழ்த்தினார். அந்த மைக் எங்கள் மண்டபத்தைத் தாண்டிக் கேட்காது. உள்ளே இருந்த அத்தனை பேரும் தோற்றவர்கள்.