நாலு மாதம் இருபத்திரண்டு நாள்

வெளிநாட்டுப் பாஸ்போட் வைத்திருக்கிறவர் இலங்கைக்குள் வர என்னென்ன வேண்டும் என்று என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வந்து இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகிற பாஸ்போட். இணையத்தில் முன்கூட்டியே எடுத்த பயண அனுமதி. திரும்பிப் போகிற டிக்கெட். தங்கும் வீட்டு விலாசம். கல்முனையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் பதினொரு வருடமாகக் கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோகொப்பி எடுப்பேன், படிவம் நிரப்புவேன். மருதமுனையிலிருந்தும் வருவார்கள், தம்பிலுவிலிலிருந்தும் வருவார்கள். லண்டனிலும் கனடாவிலும் குடியுரிமை எடுத்துவிட்ட பிள்ளைகள் லீவுக்கு வருவதென்றால் அனுமதிப் படிவத்தை என்னிடம்தான் நிரப்பச் சொல்வார்கள்.

எனக்கு இனிக்கக் கதைக்கத் தெரியாது. ஒருநாள் ஒரு உம்மா வந்து கடைவாசலில் நின்று சத்தம் போட்டார்.

“என்ட மகள் இந்தக் கல்முனை ஆசுபத்திரியில பிறந்தவ. அவ அவட ஊட்டுக்கு வர ஆருக்கிட்டக் கேக்கணும்?”

“அங்கத்தப் பாஸ்போட்ட எடுக்கக்குள்ள இங்கத்த உரிமைய உட்டுட்டாவே உம்மா. இப்ப அவ இந்த நாட்டுக்கு விருந்தாளி.”

“உன்ட வாயில கொஞ்சமும் ஈரமில்ல புள்ள.”

“ஈரத்தை உடுங்க. பாஸ்போட் எப்ப முடியுது எண்டு முதல்ல கேளுங்க.”

யார் வந்தாலும் என் முதல் கேள்வி அதுதான். பாஸ்போட் எப்ப முடியுது? ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், போய்ப் புதுப்பித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். பதினொரு வருடத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் அதைக் கேட்கவில்லை. என் தம்பியிடம்.

தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். படிக்கவென்று லண்டன் போனான், அங்கேயே வேலை எடுத்தான், கல்யாணம் முடித்தான், அந்த நாட்டுக்காரன் ஆனான். இரட்டைக் குடியுரிமைக்கு எழுதிப் போடு என்று எத்தனையோ தடவை சொன்னேன். “போடுவம் ராத்தா, போடுவம்” என்பான். போடவில்லை.

வாப்பா பஸ் டிப்போவில் சாரதியாக இருந்தவர். கொழும்பு பஸ் ஓட்டியவர். இஞ்சின் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டது. ஓய்வு பெற்றபின் சிறுநீரகமும் போனது. போன வருடம் அவரை ஆசுபத்திரியில் வைத்தபோது பெரிய டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்கள் யாராவது வெளியில் இருந்தால் சொல்லிவிடுங்கள் என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தூரத்தில் இருக்கிறவருக்குக் கெட்ட செய்தியைச் சொல்வதில்லை. காய்ச்சலைத் தடிமன் என்போம். ஒப்பரேஷனைச் செக்கப் என்போம். ஆள் மௌத்தாகிவிட்டால்கூட முதலில் “கொஞ்சம் கடுமை” என்றுதான் சொல்வோம். கேட்டால், அந்தப் பிள்ளை அங்கே தனியாகக் கிடந்து யோசிக்கும் என்பார்கள். இரக்கமாம்.

டொக்டர் சொன்னதை வீட்டில் சொன்னேன். உம்மா அழுதார். சாச்சா, வாப்பாவைக் காக்கா என்று கூப்பிடும் அவர் தம்பி, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவனுக்கிட்ட இப்பச் சொல்லாத புள்ள. அவன்ட பொஞ்சாதிக்கு வயித்தைக் கிழிச்சுப் புள்ள எடுத்து இன்னும் பத்து நாளாகல்ல. அதுகள உட்டுட்டு அவன் என்ன செய்யிற?”

“சொல்லாம உட்டா நாளைக்கு என்னையெல்லோ ஏசுவான்.”

“புள்ளைக்கு நாப்பது கழியட்டும். காக்கா தேறிவாறார். மூஞ்சப் பாரு, தெளிவா இரிக்கி.”

வாப்பாவின் முகம் தெளிவாக இல்லை, வீங்கியிருந்தது. எனக்குத் தெரிந்தது, சாச்சாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் நான் “ஓம்” என்றேன். ஊர் முழுக்க எல்லோரையும் எடுத்தெறிந்து கதைக்கிறவள் அன்றைக்கு “ஓம்” என்றேன்.

தம்பி ஒவ்வொரு நாளும் கடைக்கு அழைப்பெடுத்தான்.

“வாப்பா எப்படி ராத்தா?”

“நல்லா இரிக்கார். செக்கப்புக்கு வெச்சிருக்காங்க.”

“உண்மையாவா? சாச்சா சொன்னா நம்பமாட்டன். நீ சொல்லு.”

“நான் எப்படா பொய் சொன்ன?”

அவன் சிரித்தான். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும் நம் வழக்கம் தெரியும். “பயப்பட ஒண்டுமில்ல” என்று வீட்டில் யாராவது சொன்னால் உடனே டிக்கெட் பார்க்கிறவர்கள் அவர்கள். தம்பி டிக்கெட் பார்க்காததற்கு ஒரே காரணம், சொன்னது நான். முகத்துக்கு நேரே கதைக்கிற ராத்தா. பாஸ்போட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் “உன்ட பாஸ்போட் எப்ப முடியுது” என்று நான் வாயைத் திறந்தால் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். அதனால் கேட்கவில்லை. இருபத்தாறு நாள் கேட்கவில்லை.

மறுபக்கம் வாப்பா. ஆசுபத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தினமும் ஒரே கேள்வி.

“அவன் எங்க?”

அவருக்குப் போனில் எதுவும் கேட்காது. அதனால் தம்பியோடு கதைக்கவைக்காமல் தப்புவது லேசாக இருந்தது. முதல் நாள் அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன்.

“விசா கிடைக்கல்ல வாப்பா. வெளிநாட்டுப் பாஸ்போட்டெல்லோ. கேட்டிருக்கான், இன்னும் குடுக்கல்ல.”

அந்தப் பொய்யை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தெரிந்த தொழிலுக்குள்ளிருந்தே வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பாவுக்குக் கோபம் வந்தது.

“இஞ்ச வர அவனுக்கு விசாவா? எந்தக் கழுதை சொன்ன? சண்டைக் காலத்துல ஐடென்டிக் காட்டைக் காட்டினா ஆமிக்காரனே ஊட்டுக்குப் போ எண்டு உட்டவன்.”

“அது அப்ப வாப்பா.”

“இப்ப சமாதானமா?” என்று கேட்டுவிட்டு, தானே சிரித்து, சிரிப்பில் இருமி, மூச்சு வாங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேள்வி மாறியது. “அவனுக்கு விசா குடுத்தாங்களா?” நானும் ஒவ்வொரு நாளும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இருபத்தேழாம் நாள் காலையில் வாப்பா என்னைப் பார்த்து, நீ யார் என்று கேட்டார். நான் அங்கிருந்து நேரே கடைக்கு வந்து, கதவைப் பாதி இழுத்துவிட்டுத் தம்பிக்கு அழைப்பெடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். “பாஸ்போட்ட அனுப்புறன், படிவத்த நிரப்பு” என்றான்.

படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் கல்முனை. பாஸ்போட் இலக்கம். முடிவுத் திகதி. அந்த இடத்தில் கை நின்றது. விரலால் எண்ணினேன். நாட்காட்டியை எடுத்து வைத்து எண்ணினேன். நாலு மாதமும் இருபத்திரண்டு நாளும்.

எத்தனை பேரை என் கதிரையில் இருந்தபடி திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அதே கதிரையில் இருந்துகொண்டு, எனக்கே பொய் சொல்லிக்கொண்டு, படிவத்தை நிரப்பினேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் உறவினரைப் பார்ப்பது என்பதைத் தெரிவுசெய்தேன். அரை நாளில் அனுமதி வந்தது. தம்பியிடம் ஆறு மாத விஷயத்தைச் சொன்னேன்.

“அனுமதி வந்திட்டுத்தானே ராத்தா. வாப்பாட நிலைமையச் சொன்னா விடுவாங்க.”

“விடமாட்டாங்கடா. முதல்ல புதுப்பிக்கப் பாரு.”

“அதுக்கு ஒரு கிழமை போகும். உன்ட வாய மூடு” என்றான். பிறந்ததிலிருந்து ஒருநாளும் என்னிடம் அப்படிக் கதைத்தவனில்லை.

விமான நிலையத்துக்குப் போனான். டிக்கெட் பார்க்கும் பெண் பாஸ்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம், மேலதிகாரியைக் கூப்பிட்டாளாம். பிறகு அங்கிருந்தே எனக்கு அழைப்பெடுத்தான்.

“நல்ல புள்ள ராத்தா. நான் அழ அவளும் அழுதிட்டாள். ஆனா விடல்ல.”

அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், அழாமல் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவனை ஏசினேன், இன்றைக்கும் ஏசுகிறேன். முப்பது நாளுக்கு மட்டும் அனுமதி கொடுத்த ஒருவனிடம் எதற்கு ஆறு மாதம் கேட்கிறாய்?

படிவம் நிரப்பி மூன்றாம் நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாப்பா மௌத்தானார். தம்பிக்குப் பாஸ்போட் கையில் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஒரு நாள் என்றால் பள்ளிவாசல்காரர்களோடு சண்டை பிடித்தாவது மையத்தை அடக்காமல் வைத்திருப்பேன். ஐந்து நாளுக்கு என்ன கேட்பது? அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்கினார்கள்.

எங்களில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. நான் வீட்டுக் கேற் வரைக்கும் போனேன். என் கணவர் கையில் போனைக் கொடுத்தேன். அதற்குள் தம்பி இருந்தான், தொப்பி போட்டுக்கொண்டு, கண் சிவந்து. கணவர் போனை நெஞ்சோடு வைத்து ஆட்களோடு நடந்தார். கபுறடியில் எல்லோரும் மண் போடும்போது போனை உயர்த்திப் பிடித்தாராம். கையில் மண் இல்லாமல் தம்பி அங்கே தன் வீட்டுக் கார்ப்பெட்டில் கையைக் கையைத் தட்டினானாம். வாப்பாவின் குழியைக் கடலுக்கு அப்பால் இருந்தவன் பார்த்தான். நடந்தால் பத்து நிமிடத் தூரத்தில் இருந்த நான் பார்க்கவில்லை.

புதுப் பாஸ்போட்டுக்குத் திரும்பவும் ஒரு படிவம் நிரப்பினேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் உறவினரைப் பார்ப்பது என்பதையே திரும்பவும் தெரிவுசெய்தேன். வேறு என்னத்தைத் தெரிவுசெய்வது?

தம்பி வந்து இறங்கியதும் உம்மாவின் அறைக்குப் போனான். உம்மா இத்தாவில் இருந்தார். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கவேண்டும். தம்பி உம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தான். என்னோடு நாலு நாள் கதைக்கவில்லை. நான் வைத்த சோற்றைத் தின்றான், கோப்பையைக் கழுவி வைத்தான், கதைக்கவில்லை.

ஐந்தாம் நாள் கடைக்கு வந்து, ஆட்கள் இருக்கிற கதிரையில் இருந்தான்.

“வாப்பா என்னைக் கேட்டாரா?”

“ஒவ்வொரு நாளும் கேட்டார்.”

“நீ என்ன சொன்ன?”

“உனக்கு விசா குடுக்கல்ல எண்டு சொன்னன்.”

“அதுக்கு அவர்?”

வாப்பா சொன்னதைச் சொன்னேன். கழுதை என்றதையும், ஆமிக்காரனையும், இப்ப சமாதானமா என்று கேட்டுச் சிரித்ததையும். தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மேசையில் முகத்தை வைத்து அழுதான். போட்டோகொப்பி எடுக்க வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

“அப்ப என்னோட கோவமில்லாமத்தான் போயிருக்கார்” என்றான்.

“கோவமெல்லாம் அரசாங்கத்தோடதான்.”

“என்ட கோவம் உன்னோடதான் ராத்தா. அது போகாது.”

“போகவேணாம்” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

முப்பது நாள் முடிய இரண்டு நாள் இருக்கையில் அவன் புறப்பட்டான். உம்மா அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, “நான் இத்தாவால வெளியில வாறமட்டும் இரேன் மகன்” என்றார். விசாவை நீட்டலாம், அதற்கும் படிவம் இருக்கிறது, நான் நிரப்பியிருப்பேன். ஆனால் லண்டனில் அவன் வேலையில் லீவு இல்லை, குழந்தைக்கு இரண்டு மாதம். அவன் உம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. “விசா அவ்வளவுதான் உம்மா” என்றான். என்னை ஒருதரம் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பழைய பாஸ்போட்டை விட்டுவிட்டுப் போயிருந்தான். செல்லாது என்று மூலை வெட்டிய பாஸ்போட், இனி அவனுக்குத் தேவையில்லாதது. அதை என் கடை மேசை லாச்சியில் போட்டுவைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் யாராவது படிவம் நிரப்ப வந்தால் பாஸ்போட்டுக்கு முதல் வேறொன்று கேட்கிறேன். இங்கே சுகமில்லாதவர் யாரும் இருக்கிறாரா, வருகிற பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிவிட்டீர்களா என்று. சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

உம்மா இத்தா முடிந்து வெளியே வந்த காலையில், முற்றத்து வெயில் கண்ணில் குத்த, என் கையைப் பிடித்துக்கொண்டு கேற் வரைக்கும் நடந்தார். அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். லாச்சியைத் திறந்து, அந்தப் பாஸ்போட்டில் அச்சடித்திருந்த முடிவுத் திகதியைப் பார்த்தேன். அது முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.