ஏற்றம் தெரியணும் சித்தி!

சென்ற ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மலை ஊர் தானா ராத்தாவின் கல்யாண மண்டப வாசலில், பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா நான் எடுத்த போட்டோவுக்குள் கையை விடப் பார்த்தார். நிஜமாகத்தான். படத்தில் முன்னால் இருந்த தேயிலைச் செடியைத் தொட விரலை நீட்டியவர், தாள் தட்டுப்பட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினார். நான் பார்த்தேன்! அதற்காகத்தானே தூண் மறைவில் நின்றுகொண்டிருந்தேன்?

இந்த வாரம் கொஞ்சம் பீற்றிக்கொள்ளப் போகிறேன். என் சொதப்பல்களைப் படித்து வாராவாரம் சிரிக்கிறீர்கள் அல்லவா... ஒரு வெற்றியையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் இருப்பவள் ஷாலினி. என் அக்கா லெட்சுமியின் மகள், அன்றைய மணப்பெண். அக்கா ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வாழ்க்கைப்பட்டுப் போன நாளிலிருந்து அதே மலை, அதே ஏற்றம். ஷாலினியோ கல்யாணம் முடிந்து ஜொகூர் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறாள். மண்டப வாசலில் வைக்கும் பெரிய படம் அப்படியே அந்த வீட்டு ஹாலுக்குப் போகும் என்பது ஏற்பாடு.

முதலில் படம் எடுத்தது நானில்லை, என் கொழுந்தன் குணா. கல்யாண போட்டோ எடுப்பதுதான் அவன் தொழில். கையில் 85 எம்எம் லென்ஸ் — மிளகாய்ச் சம்பால் இடிக்கிற கல்லுரல் மாதிரி ஒரு கனம். வெளிச்சம் புகும் துவாரத்தை முழுசாகத் திறந்துவைத்து எடுத்தான். ஷாலினியின் இமை முடிகளை எண்ணலாம், அத்தனை துல்லியம். பின்னால்? பச்சையாக ஏதோ கூழ்.

ஷாலினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னதாக்கிப் பார்த்தாள்.

“அழகாதான் இருக்கு சித்தப்பா. ஆனா மலை எங்க?”

“அது பேக்ரவுண்ட் லா மா. பின்னாடி ப்ளர் ஆனாதான் த்ரீடி லுக் வரும்.”

“எங்கம்மா தினம் ஏறுற மலை சித்தப்பா. அந்த ஏத்தம் தெரியணும். ஜொகூர் போயி நான் தினம் அதைப் பாக்கணும்.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஏத்தம் தெரியணும் சித்தி.”

என் வாய் இருக்கிறதே... “நான் எடுத்துத் தரேன்” என்று சொல்லிவிட்டது! எனக்கு கேமரா வெறும் பொழுதுபோக்கு. கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. குணா சிரித்தான்.

“அண்ணி, தேயிலைக் காட்டை யாரு எடுத்தாலும் தட்டையாதான் வரும் லா. பாய் விரிச்ச மாதிரி.”

அவன் சொன்னதில் தப்பில்லை. மலைக்கு வரும் சுற்றுலாக்காரர்களின் போனைப் பாருங்கள். மூச்சு முட்டி ஏறிய சரிவு, படத்தில் சுவரில் ஒட்டிய பச்சைத் தாளாக இருக்கும். செடிகளை ஒரே மட்டமாக வெட்டி வைத்திருக்கிறார்கள், நிறமும் ஒரே பச்சை. கண் எதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்?

லென்ஸ் வேட்டை தொடங்கியது. பரிசோதனைக்கு ஆள் வேண்டுமே! என் கணவர் அகப்பட்டார். தேயிலை ஓரத்தில் லென்ஸுக்கு லென்ஸ் நின்றார், பாவம். அகலமான காட்சி தரும் 24 எம்எம்மில் அவர் இருந்தார், ஆனால் பின்னாலிருந்த மலை கரையான் புற்றாகச் சுருங்கிவிட்டது. குணாவிடமே 85-ஐ இரவல் வாங்கிப் பார்த்தேன். அதில் மனுஷன் தேர்தல் கட்-அவுட் மாதிரி நின்றார். முன்னால் ஓர் அட்டை, பின்னால் ஒரு திரை. அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னணியை மங்கவைத்தால் ஆள் தனியாகத் தெரிவார், சரி. ஆனால் ஆழம் வந்துவிடுமா? கிட்டே ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று, அதற்கும் தள்ளி இன்னொன்று என்று கண்ணுக்குப் படிகள் வேண்டாமா? படியையெல்லாம் அழித்துவிட்டு மாடிக்குப் போ என்றால் எப்படி?

கடைசியில் ஈப்போவில் ஒரு கடையின் மூலையில் கிடைத்தது அந்தக் குட்டி 50 எம்எம். பழைய டிசைன், உள்ளே அதிகக் கண்ணாடிகள் இல்லை, யாரோ வைத்திருந்து விற்றது. துவாரத்தைப் பாதிக்குமேல் சுருக்கி எடுத்துப் பார்த்தேன். கணவரின் மூக்கு மூக்காக நின்றது. கன்னத்துக்கு வளைவு வந்தது. தொப்பையும் முழு உருவம் பெற்றது! படத்தை உடனே அழிக்கச் சொன்னார். அழிக்கவில்லை.

சரி, லென்ஸ் வந்தாயிற்று. எங்கே எடுப்பது? எங்கள் ஊரில் போட்டோ என்றால் கொழுகொழுவென்று பச்சை படர்ந்த பக்கம்தான் போவார்கள். நான் தேர்ந்தெடுத்தது கவாத்து வெட்டிய காட்டை. கிளைகளையெல்லாம் தறித்துவிட்டதால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாக, நடுவில் மண்ணும் நிழலுமாகத் தெரியும். கண் ஏறிப்போகப் படி கிடைக்கும்.

அக்கா கொதித்துவிட்டாள்.

“மொட்டைக் காட்டுலயா கல்யாணப் பொண்ண நிக்க வைப்ப? அறிவிருக்காடி உனக்கு?”

“மொட்டை இல்லக்கா, குனிஞ்சு பாரு. தளிர் விட்டிருக்கு.”

குனிந்தாள். ஒரு தளிரைத் தடவினாள். அவளுக்குத் தெரியாத தளிரா?

“சரி போ. நாலு பேரு கேட்டா நீதான் பதில் சொல்லணும்.”

பனி விலகி வெயில் பக்கவாட்டில் விழுந்த நேரம். கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தாலும், மேலேயிருந்து எடுத்தாலும் சரிவு படுத்துவிடும். அதனால் சரிவின் ஓரமாகப் போய் நின்றேன். முன்னால் ஒரு செடி, அதன் நுனியில் தளிர். அடுத்து, சிவப்புப் புடவையில் ஷாலினி. அவளுக்குப் பின்னால் நிழலும் வெளிச்சமுமாக வரிசைகள் ஏறிக்கொண்டே போயின. தூரத்தில், கீழே, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கூரைகள்.

அச்சடித்து வந்ததும் குணா ரொம்ப நேரம் பார்த்தான். “அண்ணி... இது என்ன லென்ஸ்?” என்றான். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எத்தனை நாள் தவம் கிடந்தேன்! “ஏதோ சின்ன லென்ஸ் தம்பி” என்றேன், ரொம்ப அடக்கமாக.

ஆனால் அக்கா பார்க்கவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. “அன்னைக்கு மண்டபத்துல பாத்துக்கறேன்” என்றுவிட்டாள். மொட்டைக் காடு என்ற கோபம் மிச்சமிருந்ததோ என்னவோ. ஊரே மெச்சி அவள் முகம் சுளித்தால் என்ன பிரயோசனம்?

வந்தாள். கையில் பூத்தட்டு. கூடவே தோட்டத்துத் தோழிகள். படத்தின் முன்னால் நின்றாள். மகளைப் பார்த்துவிட்டு, அவள் பார்வை கீழ் வரிசையிலிருந்து மெல்ல மேலே ஏறியது. நானும் குணாவும் தூண் மறைவிலிருந்து தலையை நீட்டினோம்.

தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, குனிந்து வலது முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“பாக்கும்போதே முட்டி வலிக்குது லா!”

“எனக்குந்தான்!” என்றாள் பின்னாலிருந்த தோழி. அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்... தாங்க முடியாத சந்தோஷம்.

நல்ல லென்ஸ் எதுவென்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? விடுங்கள் — மலை ஏறியவர் யாரிடமாவது படத்தைக் காட்டி, முட்டி வலிக்கிறதா என்று கேளுங்கள்.