மஞ்சள் பூசிய உணவுக்குழாய்கள்

காரிமங்கலம் சந்தையில் கறிக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஈரல் கேப்பாங்க, கொடல் கேப்பாங்க. சோறு எறங்கற கொழாய யாருமே கேட்டதில்லம்மா. படிச்ச புள்ள பண்ற வேலயா இது?"

"படிச்சதாலதாங்கண்ணா கேக்கறன்" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆட்டின் உணவுக்குழாயிலிருந்து செல்களை எல்லாம் கழுவி நீக்கினால், வெள்ளையாக ஒரு நார்க்கூடு மிஞ்சும். புற்றுநோயால் உணவுக்குழாயை இழந்தவரின் செல்களை அதில் வளர்த்து, அவருக்கே பொருத்த முடியுமா என்பதுதான் என் கேள்வி.

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்கு உணவுக்குழாயை எடுத்தார்கள். இரைப்பையை நெஞ்சுக்குள் இழுத்துத் தைத்து வழி செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிச் சோறுதான். தின்றதும் படுத்தால் எல்லாம் மேலே வந்துவிடும்.

தையலைத் தாங்காமல் என் கூடு இரண்டு முறை கிழிந்திருந்தது. செல்களைக் கழுவும் கரைசலின் வீரியத்தைக் குறைத்து மூன்றாம் முறை பார்க்கப் போகிறேன். இதுவும் கிழிந்தால் வேறு தலைப்பு எடுக்கச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

வாங்கிய ஆறு குழாய்களையும் ஐஸ் பெட்டியில் போட்டு வீட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பெட்டி காலி.

"கவிச்சி அடிச்சுது கண்ணு" என்றாள் அம்மா. "சுடுதண்ணி ஊத்தி, உப்பு மஞ்சத்தூளு போட்டுத் தேச்சுக் கழுவிட்டன். காலேஜுக்கு எடுத்துட்டுப் போறது சுத்தமா இருக்க வேணாமா?"

ஆறும் சுருண்டு மஞ்சளாகக் கிடந்தன. வெந்நீர் பட்டால் நார் அவ்வளவுதான். கத்த வாயெடுத்தேன், முடியவில்லை. என் படிப்பைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசிய நான், அடுப்படியில் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அப்பா சட்டையை மாட்டினார். "வண்டிய எடு. கட சாத்தறதுக்குள்ள போயிரலாம்."

கடையில் இரண்டே குழாய்கள்தான் மிச்சம் இருந்தன. திரும்பும்போது அப்பா பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீ பஸ் ஏறற வரைக்கும் இது எங்கிட்டயே இருக்கட்டும். உங்கம்மா மொளகாத்தூளோட நிப்பா."

சிரித்துவிட்டேன்.

"இதுல எனக்கு எது பாப்பா?"

"உங்களுக்கு இல்லப்பா. மனுசங்களுக்கு வெக்க இன்னும் ரொம்ப வருசமாகும்."

பெட்டி மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "செரி. எவனோ ஒருத்தன் வயிறாரத் தின்னட்டும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

ஆய்வகத்தில் ஒரு வாரம் கழுவினேன். தையல் போட்டு எடையைத் தொங்கவிட்டபோது முதல் கூடு கிழிந்தது. இரண்டாவதில் எடையைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் அறுந்தது நூல்தான். கூடு அப்படியே இருந்தது.

அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். எதை, எதில், எவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் கழுவினேன் என்று முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மஞ்ச வேணாம்ங்கற" என்றாள்.