கரையில் நாலு கோடு

நான். என் மனைவியின் தம்பி. முன்வீட்டு ஓட்டோக்காரர். அன்று காலை தலைமன்னார்க் கரையில் போனைக் காவல் காத்தது இந்த மூன்று பேர்.

மகள் மன்னார் ஆஸ்பத்திரியில், மனைவி கூட நிற்கிறாள். மகளுக்கு இது இரண்டாவது பிள்ளைப்பேறு. முதல் பிள்ளைக்கே இரத்தம் கூடப் போனது. அவளுடையது ஓ நெகட்டிவ். எனக்கும் மச்சானுக்கும் அதே இரத்தம். பிள்ளைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கு, வந்து வாசலில் நிற்காதீங்கோ, தேவையென்றால் போன் எடுப்பம், எடுத்த உடனே வாங்கோ என்று அங்கே சொல்லிவிட்டார்கள். என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

என் வீட்டுக்குள் போன் பிடிக்காது. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மகள் வைத்துவிட்டுப் போன வைஃபை பெட்டி அலுமாரிக்கு மேல் பச்சை விளக்கோடு இருக்கிறது. என்னுடையது பட்டன் போன். பெட்டிக்கும் அதற்கும் கதை இல்லை. மச்சானின் போன் கடலில் விழுந்து ஒரு கிழமை.

கோட்டைத் தேடிக் கரைக்கு நடந்தேன். தண்ணீர் ஓரம் போனதும் நாலு கோடும் நிறைந்தது. மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் போனை வைத்தேன். ஆறு மணியிலிருந்து இருந்தோம்.

அது அடிக்கவில்லை. எட்டு மணி. ஒன்பது மணி. ஒன்றுக்குப் போகவும் போனை விட்டுப் போகவில்லை நான்.

“எடுக்கேல்லை எண்டா நல்லம்தானே அத்தான்,” என்றான் மச்சான்.

“ஓம்,” என்றேன்.

பத்து மணிக்கு ஓட்டோக்காரர் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று போனைக் கேட்டார். அவருடையதில் சார்ஜ் இல்லை. மறிக்க மனமிருந்தது. வெட்கத்தில் கொடுத்தேன்.

அவர் அடித்தார். போகவில்லை. திரும்ப அடித்தார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“அண்ணை, இது எங்கட டவர் இல்லை. அங்கால், இந்தியாக் கரை டவர்.”

“நாலு கோடு நிக்குதே.”

“நிக்கும். அது அவங்கட கோடு. உங்கட சிம்முக்கு அதில வேலையில்லை. இந்தா, அவசரத்துக்கு மட்டும் எண்டு இங்கிலிசில கிடக்குது.”

அந்த எழுத்தைக் காலையிலேயே கண்டிருந்தேன். கம்பனியின் பெயர் என்று நினைத்தேன்.

“இழுவைப்படகால எங்கட வலையையும் அறுத்துப்போட்டு, கோட்டையும் காட்டி ஏமாத்துறாங்கள்,” என்றான் மச்சான்.

ஓட்டோவில் ஏறினோம். போனைக் கையில் விரித்துப் பிடித்திருந்தேன். கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்றுமில்லாமல் போனது. மாதா கோயிலைத் தாண்டியதும் இரண்டு கோடு வந்தது. உடனே போன் நடுங்கத் தொடங்கியது. மெசேஜ் மேல் மெசேஜ். நான் பார்க்கவில்லை. மனைவிக்கு அடித்தேன்.

“எங்கை நிக்கிறியள்?” என்றாள். “விடியவே வயித்து நோ வந்திட்டுது. பிள்ளை பிறந்திட்டுது. இவளுக்கு ரத்தம் நிக்குதில்லை.”

“ரத்தம்?”

“பக்கத்துக் கட்டில் பொம்பிளையின்ர புருசன் ஒரு பை குடுத்தவர், அவருக்கும் அதே ரத்தம். உப்புக்குளத்து ஆள். இன்னும் ஒண்டு வேணும். வாங்கோ.”

ஓட்டோக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். வேகத்தைக் கூட்டினார். வழி முழுக்க நான் ஜெபம் சொல்லத் தொடங்குவேன், பாதியில் மறந்துபோகும்.

ஆஸ்பத்திரியில் என் பிரஷர் கூட என்று மறித்துவிட்டார்கள். மச்சானுடையதை எடுத்தார்கள். மூன்று மணிக்கு நேர்ஸ் வெளியே வந்து, இரத்தம் நின்றுவிட்டது, பயமில்லை என்றார். நான் வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

மனைவி பக்கத்தில் வந்து இருந்தாள். நெடுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நாலு கோடு நிண்டது,” என்றேன்.

“நான் எத்தினை தரம் எடுத்தனான் எண்டு பாருங்கோ.”

தவறின ஒவ்வொரு கோலுக்கும் வந்த இங்கிலிஸ் மெசேஜ்களை எனக்கு வாசிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி எண்ணினேன்.

பதினேழு.